கோப்புக்குள் போகும் ஆப்ஜெக்ட்டுகள்: ஸ்மால்டாக் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஃபாரோவிலும் ஸ்குவீக்கிலும் அன்றாடம் நிரல் எழுதும் நண்பர்களே,

ஆப்ஜெக்ட்டுகளை உரைக் கோப்பாகச் சேமிப்பதில் நாம் காட்டும் சோம்பலைப் பற்றியது இந்த மடல். ஸ்டான் லைப்ரரியிடம் 'டுஸ்ட்ரிங்:' என்றால் ஆப்ஜெக்ட் எழுத்தாகிவிடுகிறது. 'ஃப்ரம்ஸ்ட்ரிங்:' என்றால் உயிரோடு திரும்பி வந்துவிடுகிறது. இவ்வளவு சுலபமாக இருப்பதுதான் வினை. அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறோம். கோப்புக்குள் என்ன எழுதப்பட்டது என்று திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு வேரியபிளின் பெயரை மாற்றுகிறோம். பழைய கோப்பு திறக்க மறுக்கிறது. உடனே லைப்ரரியைத் திட்டுகிறோம்.

கிளாஸை எழுதியவரே அதன் உரை வடிவத்தையும் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த முடிவை லைப்ரரியின் தலையில் கட்டுவது சரியல்ல. ஆப்ஜெக்ட் இன்றைக்குத் தன் வயிற்றுக்குள் எதையெதை வைத்திருக்கிறதோ அதையெல்லாம் கோப்பில் கொட்ட வேண்டியதில்லை. அது யார், அதை மறுபடி உருவாக்க எது போதும் என்பது மட்டும் எழுதப்பட்டால் போதும்.

நமக்கு இந்தப் பழக்கம் வராததற்குக் காரணம் உண்டு. 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே, டான் இங்கல்ஸ், அடெல் கோல்ட்பெர்க் முதலானோர் ஸ்மால்டாக்கை வளர்த்தெடுத்தபோதே இமேஜ் என்ற ஏற்பாடும் கூடவே வந்தது. நினைவகத்தில் உள்ள அத்தனை ஆப்ஜெக்ட்டுகளையும் அப்படியே ஒரு கோப்பில் உறையவைத்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மற்ற மொழிக்காரர்கள் கோப்புகளோடும் டேட்டாபேஸோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, நாம் மெனுவில் 'சேவ்' அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனோம். அந்த சொகுசு நம்மைக் கெடுத்துவிட்டது என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். இரண்டு பேரின் இமேஜை ஒன்றாக இணைக்க முடியாது. நேற்றைய இமேஜுக்கும் இன்றையதற்கும் என்ன வித்தியாசம் என்று கிட்டிடம் கேட்க முடியாது. அடுத்த ஃபாரோ பதிப்புக்கு மாறும் நாளில், உள்ளே இருக்கும் தரவை எப்படியாவது வெளியே எடுத்தாக வேண்டும். அன்றைக்குத்தான் உரை வடிவம் நினைவுக்கு வருகிறது.

ஸ்மால்டாக்-80இல் இதற்கு ஒரு வழி இல்லாமலும் இல்லை. 'பிரிண்ட்ஸ்ட்ரிங்' மனிதர் படிப்பதற்கு, 'ஸ்டோர்ஸ்ட்ரிங்' கம்பைலர் படிப்பதற்கு. பின்னது தருவது வெறும் தரவு அல்ல. அந்த ஆப்ஜெக்ட்டை மீண்டும் உருவாக்கும் ஒரு ஸ்மால்டாக் எக்ஸ்பிரஷன். அதை இயக்கினால் நகல் கிடைக்கும். அழகான யோசனைதான். ஆனால் 'ஸ்டோர்ஆன்:' மெத்தடை நாமே எழுதாவிட்டால், அது வேரியபிள்களைப் பெயரால் குறிப்பதில்லை; முதலாவது இடத்தில் இது, இரண்டாவது இடத்தில் அது என்று வரிசை எண்ணால் குறிக்கிறது. கிளாஸின் நடுவே ஒரு வேரியபிளைச் செருகினால் போதும், பழைய கோப்பில் இருந்த பெயர் முகவரியில் போய் உட்காரும், முகவரி தொலைபேசி எண்ணில் உட்காரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. இரண்டு ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றையொன்று சுட்டிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்: எழுதத் தொடங்கியது முடியவே முடியாது. கோப்பைப் படிப்பது என்பதே நிரலை இயக்குவது என்பதால், அடுத்தவர் அனுப்பிய கோப்பை நம்பித் திறக்கவும் முடியாது.

விஷுவல்வொர்க்ஸ்காரர்கள் ஜன்னல் வடிவமைப்புக்கு வேறொரு பாதையில் போனார்கள். திரையில் இழுத்து வைத்த பட்டன், பெட்டி, பட்டியல் எல்லாம் ஒரு லிட்டரல் அரேயாக மாறி, கிளாஸ் பக்கத்தில் 'விண்டோஸ்பெக்' என்ற மெத்தடுக்குள் உட்கார்ந்துவிடும். ஒவ்வொரு உறுப்பும் தன்னை எப்படி அரேயாக எழுதிக்கொள்வது என்று தானே அறியும். நான் கேட்பது புதிய சங்கதி அல்ல என்று காட்டவே இதைச் சொல்கிறேன். நம் முன்னோடிகள் செய்ததுதான்.

இனி ஸ்டானுக்கு வருகிறேன். ஸ்வென் வான் கேக்கன்பெர்க 2012 வாக்கில் ஃபாரோவுக்காக எழுதியது இது; பிறகு ஸ்குவீக், ஜெம்ஸ்டோன் வரை போய்ச் சேர்ந்தது. ஜேசனைப் போன்ற தோற்றம். ஜேசனில் இல்லாத மூன்றை இது சேர்த்தது: கிளாஸின் பெயர், ஸ்மால்டாக்கின் சிம்பல், ஏற்கெனவே எழுதிய ஆப்ஜெக்ட்டைச் சுட்டும் @ குறி. வேரியபிள்கள் பெயரால் எழுதப்படுவதால் வரிசை மாறினாலும் கவலை இல்லை. ஒரே ஆப்ஜெக்ட் இரண்டு இடத்தில் வந்தால் ஒருமுறைதான் எழுதப்படும். வட்டமாகச் சுட்டிக்கொண்டாலும் எழுத்து முடிவுக்கு வரும். டோனல் வடிவக் கோப்புகளை கிட்டில் திறந்து பார்த்திருப்பீர்கள். அவற்றின் தலைப்பில் கிளாஸின் பெயர், தாய்க் கிளாஸ், வேரியபிள் பட்டியல் இருக்குமே, அது ஸ்டான்தான். ஆக, நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் தினமும் ஸ்டானோடுதான் குடித்தனம்.

ஸ்டான் நமக்காகத் திறந்து வைத்திருக்கும் கதவுகளைப் பார்ப்போம். கிளாஸ் பக்கத்தில் 'ஸ்டான்நேம்' எழுதினால், கோப்பில் எந்தப் பெயர் போக வேண்டும் என்று நாமே சொல்லலாம். கிளாஸின் பெயரை ரீஃபேக்டரிங்கில் மாற்றியபிறகும் பழைய பெயரையே அது திருப்பித் தரட்டும். பழைய கோப்புகளும் திறக்கும், புதியவையும் அதே பெயரில் எழுதப்படும். நான்கு சொல்லில் முடிகிற மெத்தட் அது. எத்தனை பேர் எழுதுகிறோம்?

எந்த வேரியபிள்கள் கோப்புக்குப் போகலாம் என்று பட்டியல் தருவது 'ஸ்டான்ஆல்இன்ஸ்ட்வார்நேம்ஸ்'. இதுவும் கிளாஸ் பக்கம்தான். ஒரு நூலக நிரலை எடுத்துக்கொள்வோம். உறுப்பினர் என்ற கிளாஸில் எண், பெயர், இரவல்கள் இருக்கும். கூடவே, வேகத்துக்காகச் சேர்த்துவைத்த தேடல் விடைகளும், திரைக்குச் செய்தி அனுப்பும் அனௌன்சரும் இருக்கும். ஒன்றும் சொல்லாமல் சேமித்தால் ஸ்டான் அனௌன்சரைப் பின்தொடரும், அதன் சந்தாதாரர்களைப் பின்தொடரும், ஜன்னலைப் பின்தொடரும், கடைசியில் எழுதவே முடியாத ஒரு பிளாக்கில் போய் முட்டிக்கொள்ளும். ஒரு உறுப்பினரைச் சேமிக்கப் போய் பாதி இமேஜை இழுத்து வருவது என்பது இதுதான். கடவுச்சொல்லோ டோக்கனோ வைத்திருக்கும் கிளாஸ்களுக்கு இந்தப் பட்டியல் இன்னும் அவசியம். கிட்டுக்குப் போன ரகசியம் ரகசியமாக இருக்காது.

முழு அதிகாரமும் வேண்டுமென்றால் 'ஸ்டான்ஆன்:', 'ஃப்ரம்ஸ்டான்:' என்ற ஜோடி இருக்கிறது. பாயிண்ட் கிளாஸ் இதைத்தான் செய்கிறது. சும்மா விட்டிருந்தால் எக்ஸ், ஒய் என்று இரண்டு பெயர்களையும் ஒவ்வொரு முறையும் எழுதியிருக்கும். தானே பொறுப்பேற்றதால் பாயிண்ட்[10,20] என்று முடித்துக்கொள்கிறது. தேதியும் நேரமும் தங்கள் உள் எண்களைக் காட்டாமல், நாம் படிக்கக்கூடிய ஒரு சரமாகப் போகின்றன. தேதியை ஸ்மால்டாக் உள்ளே எப்படி வைத்திருக்கிறது என்பது கோப்பைப் படிப்பவருக்கு எதற்கு? நாளைக்கு அந்த அமைப்பை மாற்றினாலும் கோப்பு கலங்காது.

எழுதும் பக்கம் எளிது. ரைட்டரிடம் பட்டியலாக எழுதச் சொல்லலாம், மேப்பாக எழுதச் சொல்லலாம், ஒற்றைச் சரமாக அடைக்கச் சொல்லலாம். சிக்கல் எல்லாம் படிக்கும் பக்கத்தில். அதனால் அங்கே சற்று நின்று பேசுகிறேன்.

முதல் கண்ணி நில். மதிப்பு நில்லாக உள்ள வேரியபிளை ஸ்டான் இயல்பாகவே எழுதாமல் விட்டுவிடும். கோப்பு சிறியதாகும், நல்லதுதான். ஆனால் திரும்பப் படிக்கும்போது கிளாஸுக்கு 'நியூ' போகிறது. ஃபாரோவில் 'நியூ' என்றால் 'இனிஷியலைஸ்' ஓடும். இரவல் கிளாஸின் 'இனிஷியலைஸ்' திருப்பித் தரும் நாளைப் பதினான்கு நாள் தள்ளி வைக்கிறது என்று கொள்ளுங்கள். ஆய்வுப் பிரிவுக்குக் கொடுத்த நூலுக்கு நாளே கிடையாது. வேண்டுமென்றே நில் போட்டிருக்கிறோம். சேமித்துத் திறந்தால் அதற்கும் பதினான்கு நாள் கெடு வந்து ஒட்டிக்கொள்ளும். இல்லாத அபராதம் விழும். 'ஸ்டான்ஷுட்ரைட்நில்இன்ஸ்ட்வார்ஸ்' மெத்தட் ட்ரூ என்று சொல்லிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். நில்லுக்கு உங்கள் கிளாஸில் ஒரு பொருள் இருந்தால் அதை எழுதியே ஆக வேண்டும்.

இரண்டாவது கண்ணி நுட்பமானது. உறுப்பினர் தன் இரவல்களைச் சுட்டுகிறார். ஒவ்வொரு இரவலும் உறுப்பினரைத் திருப்பிச் சுட்டுகிறது. ரீடர் உறுப்பினரைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே இரவல் வருகிறது. அதற்குள் 'உறுப்பினர் @1' என்று இருக்கிறது. அந்த உறுப்பினர் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. எனவே ரீடர் அங்கே தற்காலிகமாக ஒரு சுட்டு ஆப்ஜெக்ட்டை வைக்கிறது. பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம்பிடிப்போமே, அதே வேலை. எல்லாம் படித்து முடித்தபின், ரீடர் ஒரு சுற்று வந்து துண்டு கிடக்கும் இடங்களில் எல்லாம் உரிய ஆளை உட்காரவைக்கும்.

இது தெரியாமல் 'ஃப்ரம்ஸ்டான்:' எழுதுபவர், கைக்கு வந்த மதிப்பிடம் உடனே பெயரைக் கேட்பார், எண்ணைக் கேட்பார். துண்டு எப்படிப் பதில் சொல்லும்? மெசேஜ் புரியவில்லை என்று டீபக்கர் திறக்கும். வட்டம் இல்லாத தரவில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்ததே என்று தலையைச் சொறிவார். எனவே, 'ஃப்ரம்ஸ்டான்:' உள்ளே வந்த மதிப்பை வேரியபிளில் வைத்துக்கொள்ளுங்கள். அதோடு பேச்சுவார்த்தை வேண்டாம். கணக்குப் போடுவது, அட்டவணை கட்டுவது, சரிபார்ப்பது எல்லாம் முழுக் கோப்பும் படித்து முடிந்தபின் வெளியிலிருந்து செய்யுங்கள்.

'ஸ்டான்கன்டெயின்சப்ஆப்ஜெக்ட்ஸ்' என்றொரு மெத்தட் உண்டு. என் உள்ளே வேறு ஆப்ஜெக்ட் இல்லை, அந்தச் சுற்றில் என்னைத் தொட வேண்டாம் என்று சொல்ல அதில் ஃபால்ஸ் தரலாம். வேகம் கூடும். ஆனால் உள்ளே ஆப்ஜெக்ட் இருந்தும் ஃபால்ஸ் என்று சொன்னால் துண்டு அங்கேயே கிடக்கும். வேகத்துக்கு ஆசைப்பட்டு இதில் கைவைக்க வேண்டாம். டிக்‌ஷனரியிலும் இதே சுற்றில் ஒரு வேலை நடக்கிறது: சாவியே மாற்றப்பட்டுவிட்டால் அதன் ஹாஷ் மாறிப்போகும், ஆகவே ஸ்டான் அதை மறுஹாஷ் செய்து சீராக்குகிறது. ஹாஷ் அடிப்படையில் சொந்தமாகக் கலெக்‌ஷன் எழுதிவைத்திருப்பவர்கள் இதைத் தாங்களே கவனித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது விஷயம் அந்த @ குறியே. இயந்திரம் எழுதி இயந்திரம் படிக்கும்வரை அது அருமையான ஏற்பாடு. மனிதர் கைவைக்கும் கோப்பில், கிட்டில் வாழும் கோப்பில், அதை நான் அறவே ஒதுக்கச் சொல்வேன். ஒரே புள்ளி இரண்டு முறை வரும் அரே [பாயிண்ட்[1,2],@2] என்று எழுதப்படும்; அரே ஒன்றாம் எண், புள்ளி இரண்டாம் எண். யாரோ ஒருவர் எடிட்டரில் திறந்து முன்னால் இன்னொரு புள்ளியைச் சேர்க்கிறார்: [பாயிண்ட்[0,0],பாயிண்ட்[1,2],@2]. இப்போது @2 சுட்டுவது சைபர் புள்ளியை. கோப்பு பிழையின்றித் திறக்கும், மதிப்பு மட்டும் தவறு. கையால் தொடாவிட்டாலும், நடுவில் ஓர் ஆப்ஜெக்ட் கூடினால் அதற்குக் கீழே உள்ள எண்கள் எல்லாம் நகரும். கிட் டிஃப்பில் சம்பந்தமில்லாத நூறு வரி சிவப்பாகும்.

என் யோசனை: நீண்டநாள் வாழ வேண்டிய கோப்பில், இரவல் தன் உறுப்பினரை ஆப்ஜெக்ட்டாக எழுத வேண்டாம், உறுப்பினர் எண்ணாக எழுதட்டும். 'ஸ்டான்ஆன்:' இதற்குத்தான். படித்து முடித்தபின் நூலக ஆப்ஜெக்ட் எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடித்து இணைத்துக்கொள்ளும். கூடுதல் வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் கோப்பை வாசிக்கும் நூலகருக்கும் அது புரியும். டிக்‌ஷனரியை எழுதும்போதும் சாவிகளை வரிசைப்படுத்தியே எழுதுங்கள். ஹாஷ் வரிசை எப்போதும் ஒன்றுபோல வரும் என்ற உத்தரவாதம் கிடையாது. டோனலை எழுதியவர்கள் சாவிகளின் வரிசையைக் கட்டிப்போட்டதால்தான் நம் கிளாஸ் கோப்புகள் ஒவ்வொரு கமிட்டிலும் குதிப்பதில்லை.

காலப்போக்கில் கிளாஸ் மாறும். அபராதம் என்ற வேரியபிளை எடுத்துவிட்டீர்கள். பழைய கோப்பில் அது இருக்கிறது. இயல்புநிலையில் ரீடர் அந்தப் பெயரில் வேரியபிளைத் தேடி, இல்லையென்று நின்றுவிடும். 'ஃப்ரம்ஸ்டான்:' எழுதி, 'பார்ஸ்மேப்டூ:' வழியாகச் சாவியையும் மதிப்பையும் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டால், பழைய சாவியைப் புதிய இடத்துக்கு மாற்றுவது நம் கையில். இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு, பலர் ஒப்பமாட்டார்கள். தெரியாத சாவி வந்தால் சத்தமில்லாமல் தாண்டிப் போகாதீர்கள். புதிய நிரல் எழுதிய கோப்பைப் பழைய நிரல் திறந்து, தெரியாததை விழுங்கிவிட்டு, மீண்டும் சேமித்தால், அந்தத் தரவு ஒழிந்தது. அறிந்த பழைய சாவிகளைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். அறியாததற்கு எர்ரர் எழுப்புங்கள். கோப்பின் மேல்மட்ட ஆப்ஜெக்ட்டுக்கு மட்டும் ஒரு பதிப்பு எண் கொடுங்கள், அதையும் முதல் சாவியாக எழுதுங்கள். ரீடர் மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டே கட்டுவதால், கடைசியில் வரும் பதிப்பு எண்ணால் பயனில்லை.

கிளாஸே இல்லாமல் போய்விட்ட பழைய கோப்புகளுக்கும் வழி இருக்கிறது. தெரியாத கிளாஸ்களை ஏற்றுக்கொள் என்று ரீடரிடம் சொன்னால், அவற்றை டிக்‌ஷனரியாகத் தரும். கிளாஸின் பெயரும் அதற்குள் ஒரு சாவியாக இருக்கும். அதை வைத்து நிதானமாகத் தரவை மீட்கலாம்.

எண்களைப் பற்றி ஒரே வரி: அபராதம் மூன்றில் ஒரு பங்கு என்றால் ஸ்டானின் புதிய பதிப்புகள் அதை 1/3 என்றே எழுதிப் படிக்கும், எனவே பணத்தை ஃப்ளோட்டாக மாற்றிச் சேமிக்க எந்தக் காரணமும் இல்லை.

வெளியாரிடமிருந்து வரும் கோப்புகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். 'ஸ்டோர்ஸ்ட்ரிங்' போல ஸ்டான் எதையும் கம்பைல் செய்து இயக்குவதில்லை என்பது பெரிய ஆறுதல். ஆனாலும் கோப்பில் எழுதியிருக்கும் கிளாஸின் பெயரை நம் இமேஜில் தேடி, அதன் 'ஃப்ரம்ஸ்டான்:' மெத்தடை ஓட்டுகிறது. எந்த கிளாஸ் உருவாக வேண்டும் என்பதை அனுப்பியவர் தீர்மானிக்கிறார் என்று பொருள். அந்த மெத்தடுக்குள் கோப்பு திறப்பது, நெட்வொர்க்கைத் தொடுவது போன்ற வேலைகளை வைக்காதீர்கள். இணையம் வழியாக முன்பின் தெரியாதவர்களிடம் தரவு வாங்குவதாக இருந்தால் வெறும் ஜேசனே வாங்குங்கள். அதிலிருந்து ஆப்ஜெக்ட்டை நீங்களே கட்டுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு, ஃபியூல் இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். ஃபியூல் வேகமானது, பிளாக்கைக்கூட எழுதும். ஆனால் அது பைனரி. இரண்டு இமேஜ்களுக்கு நடுவே பெரிய கிராஃபை அவசரமாகக் கைமாற்ற அதைத்தான் நானும் எடுப்பேன். ஐந்து வருடம் கழித்து வேறொருவர் எடிட்டரில் திறந்து படிக்க வேண்டிய தரவுக்கு அது உதவாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எழுதிய உடனே திரும்பப் படித்து, இரண்டும் சமமா என்று பார்க்கும் டெஸ்ட்டை எல்லோரும் வைத்திருக்கிறோம். அது எழுதும் மெத்தடும் படிக்கும் மெத்தடும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்று மட்டுமே காட்டும். இரண்டையும் ஒரே கமிட்டில் மாற்றினால் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும், வாடிக்கையாளர் கையில் உள்ள கோப்பு மட்டும் திறக்காது. நீங்கள் வெளியிட்ட ஒவ்வொரு பதிப்பும் எழுதிய ஒரு கோப்பையாவது ரெப்பாசிட்டரியில் டெஸ்ட்டுகளோடு சேர்த்து வையுங்கள். வட்டமாகச் சுட்டும் தரவும், நில் உள்ள தரவும், பெயர் மாறிய கிளாஸும் அவற்றில் இருக்கட்டும். ஒவ்வொரு பில்டிலும் அத்தனை பழைய கோப்புகளும் திறக்கப்பட வேண்டும். உங்கள் பேக்கேஜ் எதிலாவது இது இன்னும் இல்லையென்றால், இந்த வாரம் வெளியே போகும் கோப்பிலிருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
உங்களைப் போலவே பிரவுசர் ஜன்னலுக்குள் பொழுதைக் கழிக்கும் ஒருவன்